குரங்குக் கூட்டத்தின் வம்சப் பதிவேடு: ஆய்வுக்காக வளர்க்கப்படும் மக்காக் குரங்குகளின் மரபணுப் பரிசோதனையும் பராமரிப்பும் – முழுமையான வழிகாட்டி

பேராதனை வளாகத்தில் சாப்பாட்டுப் பார்சலைப் பறிகொடுத்தவர்களுக்கும், நுவரெலியாவில் கரட் பாத்திக்குக் காவல் இருந்தவர்களுக்கும் ரிலவா என்ற மக்காக் குரங்கை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. லயத்துக் கூரைத் தகரத்தில் அது ஓடும் சத்தத்தில் கண்விழிக்காத தோட்டப் பிள்ளை இல்லை. ஆனால் மருத்துவ ஆய்வில் இந்தக் குரங்குக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ரிலவாவின் உடலில் இயற்கையாகவே வாழும் மலேரியாக் கிருமிகள் உண்டு. அவற்றில் ஒன்றை வைத்து, நுளம்புக்கு மலேரியா தொற்றாமல் தடுக்கும் நிர்ப்பீடனத்தைப் பற்றி கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களிலும் 1990களிலும் முக்கியமான வேலைகளைச் செய்தார்கள்.

உலகின் ஆய்வு நிலையங்களில் பெரும்பாலும் இருப்பவை ரிலவாவின் உறவுக்காரர்களான ரீசஸ் குரங்கும் நீண்டவால் மக்காக்கும்தான். மூன்றுக்கும் 42 நிறமூர்த்தங்கள். கூட்டத்தில் வாழும் முறையும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே இங்கே சொல்லும் முறை எந்த மக்காக் கூட்டத்துக்கும் பொருந்தும். மலையகத்திலிருந்து உயிரியல் படித்து ஆய்வுகூட உதவியாளராகவோ, மிருக வைத்தியராகவோ, விலங்குப் பராமரிப்பாளராகவோ போகிற பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். மீட்பு நிலையத்திலோ மிருகக்காட்சிச்சாலையிலோ வேலை செய்கிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி உதவும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காட்டிலிருந்து குரங்கு பிடித்துக் கூட்டம் தொடங்குவதற்கான வழிகாட்டி இதுவல்ல. ரிலவா இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத, அழிவை எதிர்நோக்கும் இனம். 2023இல் ஒரு இலட்சம் ரிலவாக்களைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை வந்தபோது சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் வரை போயின. ஏற்றுமதி நடக்காது என்று அரச தரப்பு அங்கே சொல்ல வேண்டி வந்தது. தோட்டத்தில் தொல்லை கொடுக்கிறது என்பதற்காக அது ஆய்வுகூடச் சரக்காகிவிடாது. ஏற்கெனவே கூண்டில் இருக்கும் கூட்டத்தை ஒழுங்காக வைத்துக்கொள்வது எப்படி என்பதே இங்கே பேச்சு.

படி 1: அனுமதி

இதில் சுருக்கவழி கிடையாது. இலங்கையில் வனவிலங்கோடு சம்பந்தப்பட்ட எந்த ஆய்வுக்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதோடு உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவும் கையொப்பமிட வேண்டும்.

மாதிரியை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதானால் இன்னொரு அனுமதியும் சேரும். குரங்கினங்கள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களுக்குள் வருபவை. ஒரு துளி இரத்தமும், சில வேளை பிரித்தெடுத்த டி.என்.ஏயும்கூட, அந்தக் கடதாசி இல்லாமல் விமானம் ஏறக்கூடாது. வேலையைத் தொடங்குமுன் இதைக் கேட்டு முடித்துவிடுங்கள். பெட்டி நிறைய மாதிரியை வைத்துக்கொண்டு பின்னர் அனுமதிக்கு அலைவது பெரும்பாடு.

படி 2: ஒவ்வொரு குரங்குக்கும் மாறாத இலக்கம்

எல்லாரும் இயந்திரத்தைப் பற்றிப் பேசவே ஆசைப்படுகிறார்கள். ஆனால் கூட்டத்தைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் பதிவேடுதான். தோட்டத்துச் செக்ரோலில் (ஆள்வரவுப் பதிவேட்டில்) ஓர் ஆளுக்கு ஓர் இலக்கம் என்றால், அந்த ஆள் வேலையை விட்டு நின்றபின் அதே இலக்கத்தை வேறொருவருக்குக் கொடுத்தால் சேமலாப நிதிக் கணக்கு என்ன கதியாகும்? குரங்குக்கும் அதே கதைதான். செத்த குரங்கின் இலக்கத்தைப் புதிய குட்டிக்குக் கொடுக்கவே கூடாது. பத்து வருடம் கழித்து யாராவது வம்சக் கோடு வரையும்போது, இறந்து எரித்த ஆண் திடீரென்று தகப்பனாக எழுந்து நிற்கும்.

இலக்கத்தை இரண்டு விதமாகப் பதியுங்கள்: மார்பிலோ தொடையின் உட்பக்கத்திலோ பச்சை குத்துவது ஒன்று, தோலுக்கடியில் மைக்ரோசிப் மற்றொன்று. சிப் சில வேளை இடம் நகரும், அல்லது வாசிப்பானுக்கு அகப்படாமல் போகும். பச்சை காலப்போக்கில் மங்கும். இரண்டும் ஒரே நாளில் கைவிடுவது அபூர்வம். செல்லப் பெயர் வைக்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பராமரிப்பாளர்கள் எப்படியும் வைக்கத்தான் போகிறார்கள். பெயர் வாய்க்கு, இலக்கம் தாளுக்கு என்று பிரித்துக்கொண்டால் போதும்.

ஒவ்வொரு குட்டிக்கும் பதிய வேண்டியவை: பிறந்த திகதி, பால், கூடு, கண்ணால் கண்ட தாய், கருத்தரித்த காலத்தில் அந்தக் கூட்டில் இருந்த எல்லா ஆண்களின் இலக்கங்கள், பின்னர் இடம் மாறிய ஒவ்வொரு திகதி. ‘கண்ணால் கண்ட தாய்’ என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். மக்காக் பெண்கள் பிறர் குட்டியைத் தூக்கிக்கொண்டு திரியும். கூட்டத்தின் அதிகார வரிசையில் உயர்ந்த பெண் ஒன்று, கீழ்வரிசைப் பெண்ணின் குட்டியைப் பறித்துக்கொண்டு திருப்பிக் கொடுக்காமல் வைத்திருப்பதும் நடக்கும். ஒரே வாரத்தில் இரண்டு பிரசவம் நடந்த கூட்டில், காலையில் யார் மடியில் குட்டி இருந்ததோ அவளே தாய் என்று எழுதிவிடுவார்கள். ஆகவே தாயும் டி.என்.ஏ மூலம் உறுதியாகும்வரை பென்சில் எழுத்துத்தான்.

தகப்பன் பத்தியில் ஊகத்தை எழுதவே வேண்டாம். ‘தலைவன்தானே, அவனாகத்தான் இருக்கும்’ என்ற ஒரு வரி பல கூட்டங்களின் வம்ச வரலாற்றைப் பாழாக்கியிருக்கிறது. புவேர்ட்டோ ரிக்கோவுக்குப் பக்கத்திலுள்ள காயோ சந்தியாகோ தீவில் 1938இல் இந்தியாவிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட ரீசஸ் குரங்குகளின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றன. அங்கே மரபணு மூலம் தகப்பன் யாரென்று பார்த்தபோது, தலைமை ஆணைத் தவிர மற்ற ஆண்களுக்கும் ஏராளமான பிள்ளைகள் இருந்தன. பின்வரிசை ஆண்கள் மறைவில் தம் காரியத்தைப் பார்த்துக்கொள்கின்றன. கூண்டுக்கு வெளியே நிற்கும் நமக்கு அது தெரிவதில்லை.

படி 3: மாதிரி எடுத்தல்

மரபணு மாதிரிக்கென்று தனியாகக் குரங்கைப் பிடிக்காதீர்கள். வருடாந்தச் சுகாதாரப் பரிசோதனைக்கு மயக்கும்போது, காசநோய்ப் பரிசோதனை, எடை, பல் எல்லாம் பார்க்கும் அதே வேளையில் எடுத்துவிட வேண்டும். மயக்க மருந்து பெரும்பாலும் கெட்டமின்தான். அளவை மிருக வைத்தியர் தீர்மானிப்பார்.

இரத்தம் எடுக்கிறீர்களா? ஊதா மூடியுள்ள ஈ.டி.டி.ஏ குழாயில் ஒன்றிரண்டு மில்லிலீற்றர் போதும். பச்சை மூடி ஹெப்பரின் குழாயை எடுத்துவிடாதீர்கள். டி.என்.ஏயைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர் தாக்கத்தை ஹெப்பரின் தடுக்கும். பின்னர் ஆய்வுகூடத்தில் ‘வேலை செய்யவில்லை’ என்று தலையைச் சொறிய வேண்டி வரும். எஞ்சிய சில துளியை வடிதாள் அட்டையில் விட்டு உலர்த்தி வையுங்கள். அது உங்கள் காப்புப் பிரதி.

மலையகத்தில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு தனிப் பிரச்சினை: ஈரம். நுவரெலியா மூடுபனியில் மேசைமேல் வைத்த அட்டை ஒரு நாளில் காயாது. அரைகுறையாய்க் காய்ந்ததைக் கவரில் போட்டால் பூஞ்சணம் பிடித்து டி.என்.ஏ சிதைந்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா மணிகளைப் பரப்பி, அதன்மேல் தட்டில் அட்டையை வைத்து உலர்த்துங்கள். நீல மணி இளஞ்சிவப்பாகவோ, செம்மஞ்சள் மணி பச்சையாகவோ மாறினால் ஈரம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். சூடாக்கி உலர்த்தினால் மறுபடி பயன்படும். மின்வெட்டு வரும் இடத்தில் குளிர்சாதனத்தை மட்டும் நம்பாமல் உலர் அட்டையையும் வைத்திருக்கச் சொல்வது அதனால்தான்.

பிடிக்க முடியாத குரங்கென்றால் எச்சம். குடல் சுவரிலிருந்து உதிர்ந்த உயிர்க்கலங்கள் எச்சத்தின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். நடுவைத் தோண்டுவதில் பிரயோசனமில்லை; வெளித்தோலைச் சுரண்டி எடுங்கள். முதல் நாள் 95 வீதத்துக்கு மேற்பட்ட எதனோலில் ஊறவிட்டு, மறுநாள் எடுத்துச் சிலிக்காவில் உலர்த்துவது நன்கு பலிக்கும் முறை. குழாயின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதாதீர்கள். எதனோல் ஒரு சொட்டுப் பட்டால் மை கரைந்தோடும். பென்சிலால் எழுதிய துண்டை உள்ளே போட்டு, வெளியிலும் ஒட்டுங்கள். எச்சத்தில் டி.என்.ஏ குறைவாகவும் உடைந்தும் இருக்கும். டி.என்.ஏயின் ஓர் இடத்தில் தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக வந்த இரண்டு வடிவங்களில், அதாவது எதிருருக்களில், ஒன்று பெருகாமல் விடுபட்டுப் போகலாம். அப்போது இதரநுகம் (இரண்டும் வேறு வேறு) சமநுகமாக (இரண்டும் ஒன்றே) தோன்றும். அதனால் எச்ச மாதிரியைக் குறைந்தது மூன்று முறையாவது திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காமல் முடிவு எழுத வேண்டாம்.

மார்மொசெட் போன்ற சின்னக் குரங்குகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவை பெரும்பாலும் இரட்டையாகப் பிறக்கும். கருப்பையிலேயே இரண்டின் குருதியும் கலந்துவிடும். ஒன்றின் இரத்தத்தில் மற்றதன் டி.என்.ஏயும் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே இரத்தத்தை நம்பினால் சகோதரனின் அடையாளத்தை எழுதிவிடுவீர்கள். வேரோடு பிடுங்கிய மயிர் நல்லது.

பாதுகாப்பைப் பற்றி. மக்காக் இனம் எதுவானாலும் அதன் உடலில் ஹெர்பீஸ் பி வைரஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடவுங்கள். குரங்குக்கு அது வாய்ப்புண் அளவில் போய்விடும். மனிதருக்கு ஏறினால் மூளையைத் தாக்கிக் கொல்லக்கூடியது. 1932இல் ரீசஸ் குரங்கு கடித்த ஓர் ஆய்வாளர் இறந்தபோதுதான் உலகுக்குத் தெரிய வந்தது. 1997இல் அமெரிக்காவில் கடியோ கீறலோ இல்லாமல், கண்ணில் ஏதோ தெறித்ததனாலேயே ஓர் இளம் ஊழியர் உயிரிழந்தார். ஆகவே கையுறையும் முகக்கவசமும் மட்டும் போதாது, கண்ணாடியோ முகத்திரையோ கட்டாயம். கடித்தால், கீறினால், தெறித்தால், வேறெதுவும் செய்வதற்கு முன் 15 நிமிடம் கழுவுங்கள்: காயத்தைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு, கண்ணை ஓடும் நீரில். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவ வேண்டும். பதட்டத்தில் இரண்டு நிமிடமே பதினைந்தாகத் தோன்றும். அதன்பின் நேரே வைத்தியசாலை. மறுபக்கமும் உண்டு: நமது காசநோயும் தட்டம்மையும் குரங்குக் கூட்டத்தையே வாரிக்கொண்டு போகும். இருமலோடு வேலைக்கு வருவது கடமையுணர்ச்சியல்ல.

படி 4: தாய் தகப்பன் பரிசோதனை

பயன்படுத்துவது குறுந்தொடர் மீளல்கள் எனப்படும் குறிகள். டி.என்.ஏயின் சில இடங்களில் நான்கெழுத்துத் தொடர் ஒன்று பலமுறை அடுக்கிக் கிடக்கும். எத்தனை முறை என்பது ஆளுக்காள் வேறுபடும். மனிதருக்கென்று உருவாக்கிய பல முதலிகள் (குறித்த இடத்தில் ஒட்டி டி.என்.ஏ பெருக்கத்தைத் தொடக்கும் சிறு துண்டுகள்) மக்காக்கிலும் வேலை செய்யும் என்பது நல்ல வசதி. நன்றாக வேறுபடும் குறிகள் 15 முதல் 25 வரை இருந்தால் சாதாரணக் கூட்டத்துக்குப் போதும். வசதியுள்ள நிலையங்கள் இப்போது ஆயிரக்கணக்கான ஒற்றை எழுத்து மாற்றங்களை ஒரே தடவையில் வாசிக்கின்றன. தத்துவம் ஒன்றுதான்: குட்டியின் இரண்டு எதிருருக்களில் ஒன்று தாயிடமிருந்து, மற்றது தகப்பனிடமிருந்து.

கையாலேயே ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் ஒவ்வொரு எதிருருவின் நீளம், டி.என்.ஏ எழுத்துகளில்.

குறி 1: குட்டி 172/180, தாய் 164/172. தகப்பன் கொடுத்தது 180.
குறி 2: குட்டி 211/219, தாய் 219/223. தகப்பன் கொடுத்தது 211.
குறி 3: குட்டி 140/140, தாய் 140/148. தகப்பன் கொடுத்தது 140.

இனிக் கூட்டில் இருந்த மூன்று ஆண்கள்:

முதலாம் ஆண்: 176/180, 211/215, 140/152.
இரண்டாம் ஆண்: 180/184, 207/215, 140/144.
மூன்றாம் ஆண்: 164/172, 211/219, 148/152.

மூன்றாம் ஆணிடம் 180உம் இல்லை, 140உம் இல்லை. இரண்டு இடத்தில் பொருந்தவில்லை, அவனை ஒதுக்கலாம். முதலாம் ஆண் எல்லாவற்றிலும் பொருந்துகிறான். இரண்டாம் ஆண் குறி 2இல் மட்டும் தவறுகிறான். அவசரக்காரர்கள் இங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். சற்றுப் பாருங்கள்: அவனிடம் உள்ள 207உம் 215உம், தேடுகிற 211இலிருந்து சரியாக ஒரு நான்கெழுத்துத் தூரம்தான். இந்தக் குறிகளில் விகாரம் (டி.என்.ஏயில் புதிதாக நேரும் மாற்றம்) நடந்தால் பெரும்பாலும் ஒரே படிதான் கூடும் அல்லது குறையும். ஆகவே ஒற்றைப் பொருந்தாமையை வைத்து எவரையும் வெளியேற்றாதீர்கள். குறைந்தது இரண்டு வேண்டும், மூன்றென்றால் நிம்மதி. மூன்று குறியை வைத்து முதலாம் ஆணே தகப்பன் என்று சொல்லவும் முடியாது. எஞ்சிய குறிகளையும் ஓட்டித்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு பொறி, மறைந்த எதிருரு. முதலி ஒட்டும் இடத்திலேயே மாற்றம் இருந்தால் ஒரு எதிருரு பெருகவே பெருகாது. தகப்பன் 144/144 போலவும் குட்டி 140/140 போலவும் தெரியும். ‘இவன் தகப்பனே இல்லை’ என்று தோன்றும். உண்மையில் இருவரிடமும் கண்ணுக்குத் தெரியாத அதே எதிருரு இருக்கலாம். ஒரே குறியில் அடிக்கடி சமநுகம் வந்து, தாய்க்கும் குட்டிக்குமே பொருந்தாமல் போனால், அந்தக் குறியைத் தூக்கி எறியுங்கள்.

சந்தேகத்துக்குரிய ஆண்களின் பட்டியலை எப்படிப் போடுவது? பிறந்த திகதியிலிருந்து கர்ப்பகாலத்தைக் கழியுங்கள். ரீசஸ் குரங்குக்கு அது சுமார் 165 நாள். முன்னும் பின்னும் இரண்டு மூன்று வாரம் சேர்த்து, அந்தக் காலத்தில் கூட்டில் இருந்த, இனம்பெருக்கும் வயதுக்கு வந்த எல்லா ஆண்களும் பட்டியலில் வர வேண்டும். பக்கத்துக் கூட்டுக் கம்பி வழியாகக் காரியம் நடந்ததும் உண்டு, அதையும் மறக்காதீர்கள். அண்ணன் தம்பி இருவரும் பட்டியலில் இருந்தால் குறிகளைக் கூட்டுங்கள். சகோதரர்களைப் பிரிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். நூற்றுக்கணக்கான குட்டிகள் என்றால் சேர்வஸ் போன்ற மென்பொருள் நிகழ்தகவைக் கணக்கிட்டுத் தரும். ஆனால் முதல் இருபது முப்பது குட்டிகளைக் கையால் போட்டுப் பார்த்தவருக்குத்தான் மென்பொருள் எங்கே உளறுகிறது என்று தெரியும்.

படி 5: எந்த ஊர்க் குரங்கு?

இந்திய வம்சாவளி ரீசஸும் சீன வம்சாவளி ரீசஸும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். குரங்கு எயிட்ஸ் வைரஸைச் செலுத்தினால் நோய் முன்னேறும் வேகம் இரண்டிலும் ஒன்றல்ல. இந்தியா 1978இல் ரீசஸ் ஏற்றுமதியை நிறுத்தியபின் சீனக் குரங்குகள் வரத் தொடங்கின. சில கூட்டங்களில் இரண்டும் கலந்தன. கலப்பை அறியாமல் பரிசோதனை நடத்தியவர்களுக்கு முடிவுகள் தாறுமாறாக வந்தன. நீண்டவால் மக்காக்கிலும் அப்படியே. மொரிசியஸ் தீவில் உள்ளவை மனிதர் கொண்டுபோய் விட்ட சொற்பக் குரங்குகளின் வழிவந்தவை, அதனால் மரபணு வேறுபாடு மிகக் குறைவு. இந்தோசீனப் பக்கத்தில் உள்ளவற்றில் ரீசஸ் இரத்தம் கலந்திருக்கும்.

நம் ஊர்க் கதைக்கு வந்தால், ரிலவாவில் மூன்று உபஇனங்கள் உண்டு: உலர் வலயத்தில் ஒன்று, ஈர வலயத்தில் ஒன்று, ஹக்கல, நுவரெலியாப் பக்கத்து உயர்மலையில் மயிர் அடர்ந்த ஒன்று. மீட்பு நிலையத்துக்கு வரும் குட்டி எங்கே பிடிபட்டது என்று கொண்டுவந்தவர் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. கலத்துக்குள் இருக்கும் இழைமணி (மைற்றோகொண்ட்ரியா) என்ற நுண்ணுறுப்பின் டி.என்.ஏ இங்கே உதவும். மக்காக் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும், ஆண்கள்தான் வெளியேறும். இழைமணியோ தாய் வழியாக மட்டும் வரும். அதனால் இழைமணி வகைகள் இடத்தோடு ஒட்டிக்கிடக்கும். ஆனால் அது தாய்வழியை மட்டுமே சொல்லும். தகப்பன் வேறு பகுதியைச் சேர்ந்தவனா என்பதைக் கலக் கருவின் டி.என்.ஏயைப் பார்த்தே அறியலாம். மலைக்குரங்கையும் உலர்வலயக் குரங்கையும் ஒரே கூட்டில் இனம்பெருக்க விடாதீர்கள். கலந்தபின் பிரிக்க வழியில்லை.

படி 6: கணக்குப் போடுதல்

இங்கேதான் பலர் தாண்டிப் போகிறார்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் போதும் என்ற எண்ணம். எத்தனை தலை என்பதல்ல, எத்தனை பேர் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறார்கள் என்பதே கணக்கு.

பயன்படு தொகையின் அளவு = 4 × ஆண்கள் × பெண்கள் ÷ (ஆண்கள் + பெண்கள்).

ஓர் ஆண், 20 பெண்கள் என்றால் 80 ÷ 21, அதாவது 3.8. இருபத்தொரு குரங்கு தின்கிறது, மரபணுக் கணக்கில் இருப்பது நான்கு பேர்கூட இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் இழக்கும் வேறுபாடு 1 ÷ (2 × 3.8), சுமார் 13 வீதம். அதே 20 பெண்களுக்கு நான்கு ஆண்கள் பிள்ளை கொடுத்தால் 320 ÷ 24, அதாவது 13.3, இழப்பு 4 வீதத்துக்கும் கீழே. மூன்று ஆண்களுக்குக் கூடுதலாகத் தீனி போடும் செலவுக்கு இவ்வளவு பெரிய பலன் வேறெதிலும் கிடைக்காது. ஆனால் நான்கு ஆண்கள் கூட்டில் இருப்பது வேறு, நான்கு பேரும் தகப்பனாவது வேறு. படி 4ஐ முடிக்காமல் இந்தக் கணக்கு பொய்.

அடுத்தது உட்கலப்புக் குணகம்: குட்டியின் இரண்டு எதிருருக்களும் ஒரே மூதாதையின் ஒரே எதிருருவின் பிரதிகளாக இருக்கும் வாய்ப்பு. ஒரே தகப்பனுக்கு வேறு தாய்மாரிடம் பிறந்த அண்ணன் தங்கை சேர்ந்தால் குட்டியின் உட்கலப்புக் குணகம் 12.5 வீதம். தகப்பனும் மகளும் சேர்ந்தால் 25. பெண்கள் மூன்று நான்கு வயதில் பருவமடையும். ஆகவே, ஒரு கூட்டில் ஓர் ஆண் பிள்ளை பெறத் தொடங்கி மகள்மார் பருவத்துக்கு வருமுன் அவனை மாற்ற வேண்டும். மூன்று வருடம் கைக்கணக்கு.

யாரை இனம்பெருக்க விடுவது என்று தீர்மானிக்கச் சராசரி உறவைக் கணக்கிடுங்கள். ஒரு குரங்குக்கும் கூட்டத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் இடையிலான உறவின் சராசரி அது. எண் குறைவென்றால் அந்த வம்சத்தின் உறவினர் குறைவு, அதன் மரபணு அரிது, அதற்கு முன்னுரிமை. பீஎம்எக்ஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். நல்ல வாட்டசாட்டமான, குட்டி நிறையப் போட்ட ஆணை இனி ஓய்வில் விடு என்றும், மூலையில் ஒதுங்கி நிற்கும் நோஞ்சானுக்கு வாய்ப்புக் கொடு என்றும் பட்டியல் சொல்லும்போது பராமரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். பட்டியலின் பக்கமே நில்லுங்கள்.

படி 7: இடமாற்றம்

ஆனால் ஒரு விடயத்தில் பராமரிப்பாளர் பக்கம் நிற்க வேண்டும். கணக்கு சொன்னபடியெல்லாம் பெண்களை இடம் மாற்ற முடியாது. மக்காக் சமூகம் தாய்வழிக் குடும்பங்களால் ஆனது. பாட்டி, தாய், மகள், தங்கை எல்லாம் சேர்ந்தே தரத்தைக் காத்துக்கொள்கின்றன. தலைமைக் குடும்பத்தின் கிழவியை எண்ணுக்காக வெளியே எடுத்தால், கீழேயிருந்த குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து எஞ்சியவற்றைக் கடித்துக் குதறுவதைக் காண்பீர்கள். குடும்பங்கள் துண்டு துண்டாகிப்போன கூட்டங்களில் காயங்கள் கூடுகின்றன என்பது பெரிய கூட்டங்களில் கண்டறியப்பட்ட விடயம்.

பெண்களை அசைக்காமல், ஆண்களைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். காட்டிலும் இளம் ஆண்கள்தான் ஊரைவிட்டுப் போகின்றன. நீங்கள் செய்வது அதையேதான். பெண்களை மாற்றியே தீர வேண்டுமென்றால் குடும்பமாக மாற்றுங்கள்.

வெளியிலிருந்து வரும் எந்தக் குரங்கும் தனிமைப்படுத்தலைத் தாண்டியே கூட்டுக்குள் போக வேண்டும். அமெரிக்காவின் இறக்குமதி விதி குறைந்தது 31 நாள், அதற்குள் மூன்று காசநோய்ப் பரிசோதனை. மேலிமையில் டியூபர்குலின் ஏற்றி, 24, 48, 72 மணித்தியாலங்களில் வீக்கத்தைப் பார்ப்பார்கள். அதே காலத்தில் பி வைரஸ் முதலியவற்றுக்கான பிறபொருளெதிரிகளையும், டி.என்.ஏ அடையாளத்தையும் பார்த்துவிடுங்கள். அனுப்பியவர் கடதாசியில் எழுதிய குரங்கும் பெட்டிக்குள் வந்த குரங்கும் ஒன்றுதானா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

படி 8: நோயோடு தொடர்புள்ள மரபணுக்கள்

இதை எட்டாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. மேலே உள்ளவை முடியாமல் இதற்குள் இறங்குவது பணத்தை ஆற்றில் போடுவது.

நிர்ப்பீடனத்தோடு தொடர்புள்ள எம்.எச்.சி மரபணுக்கள் முதலிடம் பெறும். இந்திய ரீசஸில் மாமு-பி*08, மாமு-பி*17 என்ற வகைகளை உடையவற்றில் பல, குரங்கு எயிட்ஸ் வைரஸைத் தாமாகவே அடக்கி வைத்துக்கொள்ளும். தடுப்பூசி பெற்ற குழுவில் தற்செயலாக அவை கூடுதலாக இருந்தால், வேலை செய்யாத தடுப்பூசிகூட வேலை செய்ததாகத் தோன்றும். ஆகவே ஆய்வுக்குக் குரங்கு ஒதுக்குமுன் இந்த வகைகளைக் கண்டறிந்து இரு குழுக்களிலும் சமமாகப் பிரியுங்கள். ஒரே தகப்பனின் பிள்ளைகளையும் அப்படியே பிரித்து வையுங்கள். ஆய்வாளர் கேட்காவிட்டாலும் வம்ச விவரத்தை அவர் கையில் கொடுங்கள். பலருக்குக் கேட்கத் தெரியாது.

தாமாகவே தோன்றிய பரம்பரை நோய்களும் கூட்டங்களில் அகப்படுகின்றன. ரீசஸ் குரங்குகளில் எம்.எல்.எச்.1 மரபணு விகாரத்தால் வரும் குடற்புற்றுநோய், பி.டி.ஈ.6.சி விகாரத்தால் வரும் நிறக்குருடு, நரம்புறையை அழிக்கும் கிராபே நோய் ஆகியன பதிவாகியுள்ளன. மூன்றுமே மனிதரிலும் உள்ளவை, ஆய்வுக்குப் பெறுமதியானவை. பின்னடைவான விகாரமொன்றை (தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே நோய் தருவதை) காவும் இருவர் சேர்ந்தால் நாலில் ஒரு குட்டிக்கு நோய் வரலாம். அதற்காகக் காவிகள் எல்லாவற்றையும் இனப்பெருக்கத்திலிருந்து நீக்கிவிடாதீர்கள். கெட்ட மரபணு ஒன்றைத் துரத்தப்போய் நல்ல மரபணு ஆயிரத்தை இழப்பீர்கள். காவியை, காவியல்லாததோடு சேர்த்தால் போதும். நோயுள்ள குட்டி பிறக்காது. ஒரு வகை ஆய்வுக்கு அதிகம் கேட்கிறார்கள் என்று அந்த எம்.எச்.சி வகை உள்ள ஆண்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதும் இதே தவறின் மறுபக்கம். ஐந்து வருடத்தில் கூட்டமே ஒரு வம்சமாகிவிடும்.

படி 9: வருடச் சுற்று

குட்டிகள் பிறந்து முடிந்ததும் பிறப்புப் பட்டியலை மூடுங்கள். குட்டியை முதன்முறை கையில் எடுக்கும் நாளில் பச்சை, சிப், மாதிரி மூன்றும் ஒன்றாக முடிய வேண்டும். பெற்றோர் முடிவு வந்தபின் பென்சில் எழுத்தைப் பேனாவாக்குங்கள். பழையதை அழிக்க வேண்டாம். கோடு போட்டு, திகதியும் பெயரும் எழுதினால் போதும். அடுத்த இனப்பெருக்க காலத்துக்கு முன்னர் சராசரி உறவுப் பட்டியலைப் புதுப்பித்து, பராமரிப்பாளரும் மிருக வைத்தியரும் ஆய்வுகூடத்தாரும் ஒரே மேசையில் இருந்து எந்த ஆண் எந்தக் கூட்டுக்கு என்று தீர்மானியுங்கள். மூவரில் ஒருவர் இல்லாமல் எடுத்த முடிவு கூட்டுக்குள் போனதும் உடைந்துவிடும்.

குரங்கு இறந்தால் உடற்கூற்றுப் பரிசோதனையின்போது காது நுனியிலும் ஈரலிலும் சிறு துண்டுகள் எடுத்து, இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒன்று வளாகத்துக் குளிர்சாதனத்தில், மற்றது மண்சரிவும் மின்வெட்டும் ஒரே நேரத்தில் எட்டாத தூரத்தில். குழாயின் மேல் எழுத வேண்டியது அதே இலக்கம், இறந்த திகதி, எடுத்தவரின் பெயர்.